மருந்தடிப்பவரின் மனைவியும் ஆண் பூச்சிகளும்

மருந்தடிப்பவரின் மனைவி, கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து, கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில், கத்திரித் தோட்டங்களிலிருந்த ஆண் அந்துப்பூச்சிகள் அனைத்துக்கும் பிடித்தவளாகிப் போனாள். பெண் பூச்சிகள் அவளைச் சட்டை செய்யவில்லை. ஆண் பூச்சிகள் மட்டும், காற்றில் மாவு பறந்து வருவது போலத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்து, முதலில் அவள் தோளிலும் பிறகு தலைமுடியிலும், இடம் போதாமல் அவள் கையிலிருந்த ஈரம் காயாத சட்டையிலும் உட்கார்ந்தன. வெள்ளை இறக்கையில் பழுப்புத் தீற்றல் போட்ட சின்னப் பூச்சிகள். கடிக்கவில்லை, அரிப்பெடுக்கவில்லை, துணியில் ஓட்டை போடவில்லை. விடியும்வரை அவளோடு இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் வேலை முடிந்த ஆட்களைப் போல எழுந்து போயின. மறுநாள் மாலை திரும்பவும் வந்தன. அதே வாரத்தில் ரொட்டிக்கடையின் அடுப்பு இடிந்து விழுந்திருந்ததால், ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் கீழ்ப்பாதி முழுக்கக் கத்திரியும் தக்காளியும், மேல்சரிவில் கொய்யா. இரண்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை ஓடியது. சாலையோரத்தில் காய்களைத் தரம் பிரிக்கும் தகரக் கொட்டகை. அவள் அங்கே காய் பிரிப்பவள். கத்திரிக்காயைக் கையிலெடுத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், குண்டூசி முனையளவு ஓட்டை எங்கிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது, அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட காய்கள் இடதுபக்கக் கூடைக்குப் போகும். நல்ல காய் வலதுபக்கம். அந்த வருடங்களில் இடதுபக்கக் கூடைதான் சீக்கிரம் நிரம்பியது. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பார்கள். முற்றவே விடாமல் புழு குடைந்துகொண்டிருந்தபோது அந்தப் பழமொழியை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

அவள் கணவர் அந்தப் பக்கத்திலேயே பெயர்பெற்ற மருந்தடிப்பவர். முதுகில் டேங்க், கையில் நாசில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஒரே சீராக நடப்பார். இலையின் அடிப்புறம் நனையும், தரையில் ஒரு சொட்டு வீணாகாது. அவர் அடித்தால் இலைக்கு அடியில் ஒளிந்திருப்பவனுக்கும் சம்மன் போய்ச் சேரும் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு கட்டத்தில் புழுக்கள் சாவதை நிறுத்திவிட்டன. எப்போதாவது அடித்தது வாராவாரம் ஆயிற்று, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. ஒரு மருந்து போய் இரண்டின் கலவை வந்தது, இரண்டு போய் மூன்று வந்தது. சிலந்திகள் செத்தன, பொறிவண்டுகள் செத்தன, தேனீக்கள் வேறு பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தன. புழு மட்டும் காய்க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. மருந்து போய்ச் சேர்ந்த இடம் அதை அடித்தவரின் உடம்பு. எத்தனை முறை குளித்தாலும் அந்த வாசனை அவரை விட்டுப் போகவில்லை. மனைவிக்கு அது ஒட்டக்கூடாதென்று, மருந்தடிக்கும் நாட்களில் வீட்டின் பின்பக்கம் சாமான் போட்டுவைக்கும் அறையில் படுத்துக்கொண்டார். மருந்தடிக்காத நாள் என்று ஒன்று இல்லாமல் போனபோது, அதுவே அவருடைய அறையாகிவிட்டது. நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு பேச இருவரும் பழகியிருந்தார்கள். குழந்தை பிறக்காததற்கும் அதையே காரணமாகச் சொல்லி, உறவுக்காரர்களின் வாயை அவள் அடைத்துவைத்திருந்தாள்.

பூச்சிகள் வந்த முதல் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியவர், வெள்ளையாக மூடிப்போய் நின்ற மனைவியைப் பார்த்ததும், வேறொன்றும் யோசிக்காமல் இறக்கிவைத்த டேங்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

"நகரு" என்றார்.

"எங்க நகர? நான் நகர்ந்தா இதுகளும் நகருது."

நாசிலை நீட்டிக்கொண்டு அவளை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார், வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பூச்சிக்கு நடுவே அவள் இருந்தாள்.

"மூஞ்சிய மூடிக்க."

"மூடிக்கிட்டா? என்மேலயே அடிக்கப் போறீங்களா?"

தன் வாழ்க்கையில் அவர் பூச்சியைக் கண்ணால் பார்த்தும் அடிக்காமல் நாசிலைத் தாழ்த்தியது அதுதான் முதல் முறை. டேங்கை இறக்கிவைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு தன் அறைக்குப் போய்ப் படுத்தவர், சுவர் வழியாகக் கேட்டார்.

"போயிடுச்சா?"

"இல்ல. தூங்குதுங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இத்தனை வருஷமா தனியாத்தானே படுக்கறேன். இது பரவாயில்ல."

சுவரின் அந்தப் பக்கம் அவர் புரண்டு படுப்பது கேட்டது.

சில வாரங்கள் கழித்துச் செய்தி காதில் விழுந்து, பூச்சித்துறை அதிகாரி தன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். முன்பற்கள் கொஞ்சம் எடுப்பான, எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிற பெண். பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மருந்தடிப்பவரின் மனைவியின் முழங்கையிலிருந்து தொடங்கித் தோள்வரை ஒவ்வொரு பூச்சியாகப் பார்த்துக்கொண்டே போனார். அத்தனையும் ஆண். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, அது அவர் துறையைச் சேர்ந்த கேள்வியல்ல. என்ன வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"இந்தப் பூச்சியில பொண்ணு ஒரு வாசனை விடும்க்கா. அத மோந்துக்கிட்டுதான் ஆண் தேடிப் போகும். அந்த வாசனைய நாங்க ரப்பர் துண்டுல ஏத்திப் பொறியில தொங்கவிடுவோம். உங்களுக்கு அது தானா வந்திருக்கு. ரப்பரைவிட நல்லாவே வந்திருக்கு."

"அதுகிட்ட இருந்து எனக்கு எதுவும் தொத்திக்காதே?"

"தொத்தாது. ஆனா அங்க தோட்டத்துல பொண்ணுங்கல்லாம் மாப்பிள்ளை வரல வரலன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க இடற முட்டை பொரிக்காது."

அதிகாரி வீட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்குள் இறங்கி நடந்து பார்த்தார். துளைக்கும் புழு முதலில் குருத்துக்குள்தான் போகும். போன குருத்து தலை தொங்கிவிடும். மருந்தடிப்பவரின் வீட்டை ஒட்டிய வரிசைகளில் குருத்துகள் நிமிர்ந்து நின்றன. தள்ளிப் போகப்போகத் தொங்கிய தலைகள் கூடிக்கொண்டே போயின. திரும்பி வந்து, இந்த அக்கா மாலை நேரத்தில் தோட்டங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றார். பள்ளத்தாக்கிலேயே பெரிய கத்திரித் தோட்டம் அவளுடைய சொந்த அண்ணனுடையது. அங்கிருந்து தொடங்கலாம் என்று மூவரும் பேசி முடிவுசெய்தார்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துப் படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினார். தங்கைமேல் அவருக்குப் பாசம் உண்டு, ஆனால் அந்தப் பாசத்தின் தோளில் அப்போது பூச்சி உட்கார்ந்திருந்தது.

"ஊர்ப் பூச்சியெல்லாம் உன் பின்னாலதான் வருது. நீ என் தோட்டத்துக்குள்ள வந்தா அதுவும் உள்ள வரும். அதுக்குக் கரும்பு தின்னக் கூலியா? இருக்கிறதும் போயிடும் எனக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ரப்பர் துண்டைத் தவறான இடத்தில் தொங்கவிட்டு, பக்கத்து ஊர்ப் பூச்சியையும் அழைத்துக்கொண்டவர்கள் உண்டு என்று அதிகாரியே ஒத்துக்கொண்டார். வெறும் வாசனையை நம்பி ஒரு குடும்பத்தின் வருடத்தைப் பணயம் வைக்கச் சொல்ல அவருக்கும் தைரியம் வரவில்லை. அண்ணன் மருந்தடிப்பவரைக் கூப்பிட்டு, "மாப்ள, நீங்க இன்னும் கொஞ்சம் காட்டமா கலந்து அடிங்க" என்றார். பெண் கொடுத்த வீட்டின் சொல்லை அவர் ஒருபோதும் தட்டியதில்லை.

மறுவாரம் காற்றே இல்லாத ஒரு காலையில், அந்தத் தோட்டத்தின் நடு வரிசையில், மருந்தடிப்பவர் டேங்கை முதுகிலிருந்து இறக்காமலே மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, கண்மணிகள் கடுகு போலச் சுருங்கிப்போயிருந்தன. மைத்துனர்தான் அவரைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு சாலைவரை ஓடி, காய் ஏற்ற வந்த வண்டியை மறித்து, காய்களின்மேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கண்மணிகள் விரியும்வரை ஊசிமேல் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த உடம்பில் இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை, மருந்து டப்பாவின் மூடியைக்கூட இவர் திறக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை பூச்சிகள் அவளைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, வார்டின் ஜன்னல் கண்ணாடி முழுக்க உட்கார்ந்தன. நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று அவற்றிடம் சொன்னார். அவை போகவில்லை.

கணவர் கண்விழித்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டதைப் பார்த்தபின் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணன் தோட்டத்துக்குப் போனாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பூச்சிகள் சேர்ந்துகொண்டே வந்தன. படலுக்கு அருகில் அண்ணன் நின்றிருந்தார். சட்டையில் மாப்பிள்ளையின் எச்சில் கறை அப்படியே இருந்தது.

"உள்ள வராத பாப்பா" என்றார். குரலில் முந்தைய வேகம் இல்லை.

"அண்ணே, உங்க கத்திரிக்காக அவரு பாதி உசுரைக் குடுத்துட்டாரு. மீதிப் பாதிய நான் குடுக்கறதா இல்ல. வழி விடுங்க."

அண்ணன் படலைத் திறக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, ஒதுங்கி நின்றார். அவளே திறந்துகொண்டு உள்ளே போனாள். தோட்டத்தின் நடுவில் காய் அள்ளும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் நாலாபக்கத்திலிருந்தும் பூச்சிகள் எழுந்தன. ஒவ்வொரு செடியும் மூச்சுவிடுவது போலக் கொஞ்சம் வெள்ளை மேலே வந்து, வரிசைகளின்மேல் தாழ்வாகப் பறந்து, அவளிடம் வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் இருந்த இடத்தில் உப்புக் குவியல் ஒன்று இருப்பது போலத்தான் தெரிந்தது. அண்ணன் படல் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, குடி கெட்டது என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பருவம் முடியும்வரை, மழை வந்த நாட்களில் குடை பிடித்துக்கொண்டும், காய்ச்சல் வந்த நாட்களில் கம்பளி போர்த்திக்கொண்டும், அவள் மாலைதோறும் அங்கே போய் உட்கார்ந்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது, இறக்கைகளின் தூசி மூக்கில் ஏறத் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதிசயம் பாதி வேலையைத்தான் செய்தது. ஏற்கெனவே குருத்துக்குள்ளும் காய்க்குள்ளும் போய்விட்ட புழுக்களுக்கு அவள் வாசனையைப் பற்றி அக்கறையில்லை. அவை வளர்ந்து வெளியே வந்தால் மறுபடியும் பூச்சி. அதற்குக் கையும் கத்தரிக்கோலும்தான் வழி என்றார் அதிகாரி. தலை தொங்கிய குருத்தைப் புழுவோடு சேர்த்து வெட்டி, துளை விழுந்த காயைப் பறித்து, வரப்போரம் வீசாமல் குழியில் போட்டு மண் மூடவேண்டும். கூட்டுப்புழு ஒளிந்திருக்கும் சருகுகளைக் கூட்டி அள்ளவேண்டும். முதலில் கத்தரிக்கோலை எடுத்தவர் அண்ணன். முதுகு வலிக்க வலிக்க, யாரிடமும் பேசாமல், பெரிய தோட்டத்தின் ஒவ்வொரு வரிசையாக அவர் குனிந்து வெட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, கொட்டகைப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மருந்து நின்றுபோனதால் சிலந்திகள் திரும்பி வந்து வலை கட்டின. புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும் குட்டிக் குளவிகள், எங்கிருந்துதான் வந்தனவோ, வந்தன. அடுத்த அறுவடையின்போது கொட்டகையில் யாரோ தன் குடையை, புழுக்காய் போடும் இடதுபக்கக் கூடைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நடுப்பகல்வரை அதை எடுக்கவேண்டிய தேவை வரவில்லை.

அண்ணன் நல்ல காய்களாகப் பொறுக்கி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து தங்கை வீட்டு வாசலில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மாப்ள என்மேல கோவமா இருக்காரா?"

"உள்ள வந்து கேளுங்க. செருப்பக் கழட்டும்போது கீழ பாத்துக் கழட்டுங்க, பூச்சி இருக்கும்."

மருந்தடிப்பவருக்குக் கோபமில்லை. அவருக்கு இருந்தது வேறு. வேலையில்லாத மனிதனுக்குப் பகல் எவ்வளவு நீளம் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். கைகளில் நடுக்கம் இருந்தது. கண்ணாடி டம்ளரைப் பிடித்தால் அது தட்டில் தாளம் போட்டது. எல்லோரும் மனைவியைப் பற்றியே பேசினார்கள், அவரிடம் உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டார்கள். ஒருநாள் தேநீர்க்கடையில், லாரி ஓட்டுகிற ஒருவன், நாலு பேர் சிரிக்கட்டும் என்று கேட்டுவைத்தான்.

"என்ன அண்ணே, உங்க வீட்டம்மா பின்னால ஊர் ஆம்பளைங்க எல்லாம் சுத்துறாங்களாமே?"

அவர் டம்ளரைத் தாளம் போடாமல் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி. விஷயம் தெரிஞ்சவங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். என்ன, வரிசையில கொஞ்சம் முன்னாடியே சேந்துட்டேன்."

சிரிப்பு லாரிக்காரன் பக்கம் திரும்பியது. சொன்னதைக் காப்பாற்றுபவர் போல, அன்று மாலையே அவர் மனைவியின் பின்னால் கிளம்பினார். அவள் உட்காரும் மரப்பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். தோட்டத்தில் அவள் உட்கார்ந்தபின் சும்மா நிற்க மனம் வராமல் வரிசைகளுக்குள் நடந்தார். டேங்க் இல்லாவிட்டாலும் நடை அதே நடை. வாழ்நாள் முழுக்க இலையின் அடிப்புறத்தைக் குறிபார்த்த கண்கள் இப்போது அங்கே இருந்தவற்றைப் பார்த்தன. எந்த வரிசையில் வெள்ளை ஈ ஒட்டியிருக்கிறது, எந்தச் செடியின் அடித்தண்டு அழுகத் தொடங்கியிருக்கிறது, எங்கே பொறிவண்டுக் குஞ்சுகள் அசுவினிப் பூச்சிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி ஸ்கூட்டரை விட்டு இறங்கிவந்து கேட்டுக்கொண்டார். பிறகு எங்கே போனாலும் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போனார். அடிக்கவேண்டாம் என்று சொல்வதற்கும் பழகிய கண் வேண்டும். மிகவும் அவசியமான இடத்தில் அதிகாரி ஏதாவது அடிக்கச் சொன்னாலும், எந்த வரிசைக்கு, எவ்வளவு குறைவாக என்று அவர் தூரத்தில் நின்று காட்டுவார், வேறொருவர் முகமூடி கட்டிக்கொண்டு அடிப்பார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, கொட்டகைத் தாழ்வாரத்தில் கணவனும் மனைவியும் ஒதுங்கி நின்றபோது, அவள் அவருடைய கழுத்துக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"என்ன பண்ற?"

"சோப்பு வாசனைதான் வருது."

"வேற?"

"வேற எதுவும் இல்ல. வெறும் சோப்பு."

அவர் அன்றைக்கே சாமான் அறையிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது மெதுவாகப் புரளக் கற்றுக்கொண்டார். காலையில் மீசையிலிருந்து ஒன்றிரண்டு பூச்சிகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் விடுவதும் பழகிப்போயிற்று. மறுவருடம் ஒரு பெண்குழந்தை பிறந்தது. பூச்சிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோர் இருவருக்கும் அதில் நிம்மதிதான்.

எல்லாம் அவளால் முடிந்தது என்று சொல்வதற்கில்லை. மேல்சரிவுக் கொய்யாத் தோட்டக்காரர் வண்டி வைத்து அவளை அழைத்துப்போனார். மரத்தடியில் நாற்காலி போட்டு, வாரக்கணக்கில் உட்காரவைத்துப் பார்த்தார். பழ ஈக்கள் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் பழங்களுக்குள் முட்டை வைத்துக்கொண்டிருந்தன. "எங்க ஈக்கு மட்டும் அப்படி என்ன பெரிய கொம்பு?" என்று அவர் மனம் நொந்துகொண்டார். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வாசனை, இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அதிகாரி விளக்கினார். பழ ஈக்கென்று தனியாக வாசனை ஏற்றிய பொறிகளைத் தொங்கவிட்டு, பிஞ்சுகளுக்குக் காகித உறை மாட்டி, விழுந்த பழங்களை அன்றன்றே ஆழப் புதைத்து, தோட்டக்காரர் அதிசயம் எதுவுமில்லாமலே பிழைத்துக்கொண்டார். தக்காளியில் இலைச்சுருட்டு நோய் வந்த வருடத்திலும் அவளால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அதைப் பரப்பியது வெள்ளை ஈ. மஞ்சள் அட்டைகளில் பசை தடவி ஊன்றினார்கள், நாற்றங்காலுக்கு வலை கட்டினார்கள், நோய் கண்ட செடிகளைக் கண்ணீரோடு பிடுங்கினார்கள். வயலின் ஓரத்தில் அவளும் மற்றவர்களோடு நின்று பிடுங்கினாள், தோள் நிறையப் பூச்சிகளோடு.

அப்புறம் வருடங்கள் போயின. மருந்துக்கடைக்காரர் வலையும் மஞ்சள் அட்டையும் காகித உறையும் விற்கத் தொடங்கி, கடையைப் பெரிதாக்கிக்கொண்டார். தேனீக்கள் திரும்பி வந்தன, யாரும் அவற்றிடம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. மகள் வளர்ந்து நகரத்தில் மருந்தாளுநர் படிப்புக்குப் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே சாயங்காலங்களில் அம்மாக்களின்மேல் ஒன்றுமே உட்காருவதில்லை, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றாள். பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைகள் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்றே நினைத்து வளர்ந்தார்கள். பூச்சிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தன. அவளும் ஊரும் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் குறைந்தபோது, சரியாகச் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளைப் பார்ப்பது போல அவற்றைப் பார்த்தாள்.

பேருந்துக்குப் புதிதாக ஓர் ஓட்டுநர் வந்திருந்தார். முதல்நாள் மாலை, பள்ளத்தாக்கில் இறங்கும் வளைவில், முன்னால் போன லாரியும் அதற்கு முன்னால் போன வண்டிகளும் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாக நின்றிருந்தன.

"நீங்களும் லைட்டை அணைச்சிடுங்க" என்றார் நடத்துநர், சில்லறையை எண்ணிக்கொண்டே. "வெளிச்சம் பட்டா அதுங்க இந்தப் பக்கம் திரும்பிடும். அம்மா ரோட்டைக் கடக்கறாங்க."

ஓட்டுநர் அணைத்தார். அந்தி வெளிச்சத்தில், தலை நரைத்த ஒரு பெண்மணி அவசரமில்லாமல் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். தோள் உயரத்தில் வெள்ளையாக ஒரு படலம் அவரைத் தொடர்ந்தது. அந்தப் படலத்துக்குள் ஒரு பெரியவர் மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு, புருவத்தில் உட்கார்ந்த ஒன்றை ஊதித் தள்ளியபடி நடந்தார்.

"ரொம்ப நேரமாகுமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இப்பல்லாம் கொஞ்ச நேரம்தான். முன்னெல்லாம் இறங்கிப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

எல்லாம் கடந்துவிட்டன என்று ஓட்டுநர் விளக்குக்குக் கையைக் கொண்டுபோனபோது, நடத்துநர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். பின்தங்கிப்போன ஒரு பூச்சி, காற்றில் ஏறியும் இறங்கியும், சாலையின் நடுவே தனியாக வந்துகொண்டிருந்தது. பேருந்தில் யாரும் முணுமுணுக்கவில்லை. அது கடந்து போகும்வரை காத்திருந்து, ஓட்டுநர் விளக்கைப் போட்டு, வண்டியை எடுத்தார்.